மாடி ரூமுக்குப் போன வயர்

எஸ்தர், என் கண்ணு,

நீ மேலே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாய் என்று உன் தம்பி சாமு அடித்துச் சொல்கிறான். பார்த்தால் சந்தோஷம்தான். ஆனால் வயர் சமாச்சாரம் உனக்கு எந்தக் காலத்தில் புரிந்தது? ஃபியூஸ் போனால், "கிருபா அப்பா, கரண்டு கோச்சிகினு பூட்ச்சி, இன்னான்னு பாரு" என்பதோடு உன் மின்சார அறிவு முடிந்துவிடும். அதனால் போன வாரம் நடந்ததை நானே ஒழுங்காக எழுதுகிறேன். இதில் நான் செய்த அசிங்கம் ஒன்றும் இருக்கிறது. சாமு ஜெபத்தில் உன்னிடம் போட்டுக்கொடுப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

முதலில் வீட்டு நிலவரம். நீ போய்ப் பத்து மாதமாகிறது. நானும் நம் பெண் கிருபாவும் ஒழுங்காகச் சாப்பிடுகிறோம், ஒழுங்காகத் தூங்குகிறோம், ஆனால் பேசிக்கொள்வதில்லை. சண்டையெல்லாம் இல்லை. பேசத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் நீ ஒரு வாரம் அழுதாய். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் பள்ளிக்கூட வயசு வந்ததும் தினமும் புதுப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினாய். பள்ளிக்கூட வராந்தாவில் சாயங்காலம் வரை உட்கார்ந்து, அங்கே ஓடித் திரிந்த பிள்ளைகளிடமே கைப்பேச்சைக் கற்றுக்கொண்டாய். நான் என்ன செய்தேன்? சதுரங்கப்பட்டினம் வரைக்கும் யார் வீடு கட்டினாலும் வயர் இழுக்கப் போனேன். "ஒருத்தர் கத்துகினா போதாதா? நான் வேலைக்குப் போவ வாணாவா?" என்று உன்னிடம் கேட்டேன். நான் சொல்வது உன் கை வழியாக அவளுக்குப் போகும், அவள் சொல்வது உன் வாய் வழியாக எனக்கு வரும். இருபது வருஷம் அப்படியே ஓடிவிட்டது. நீ இருந்த வரைக்கும் அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஒரே வீட்டில் இருந்துகொண்டு போனில் எழுதிக்கொள்கிறோம். அவள் தமிழைக் காதால் கேட்டதே இல்லையா, புத்தகத்தில் படித்ததுதானா, அதனால் அவள் எழுதுவது செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும். "அப்பா, குழம்பு அடுப்பின் மேல் உள்ளது. சூடாக்கிக்கொள்ளவும்." நான் அவசரத்தில், "சாமு வூட்டாண்ட கீறேன்மா" என்று அடித்துவிட்டால், "மாமா வீட்டில் எதைக் கீறுகிறீர்கள்?" என்று பதில் வரும். நீ இருந்திருந்தால் சிரித்துப் புரையேறியிருப்பாய். நான் தனியாகச் சிரித்துக்கொண்டேன். அவள் என்னைக் கிண்டல் செய்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை எஸ்தர்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வேலை வந்தது. காது கேட்காத குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடம். பக்கத்தில் தங்களுக்கென்று பள்ளி இல்லாத ஊர்க் குழந்தைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம், டீச்சரும் வீட்டிலிருந்தே நடத்தலாம். நம் கிருபா கணக்கு டீச்சருக்கு எழுதிப் போட்டாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, படம் நிற்கக் கூடாது.

அது என்ன பெரிய நிபந்தனை என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கும் சாமுவுக்கும் போனில் படம் நின்றால் என்ன, குரல் வந்துகொண்டே இருக்கும், பேசிவிடுவோம். கிருபாவுக்கு அப்படியில்லை. கை பாதியில் நின்றால் அவள் பேச்சே பாதியில் நின்றுவிடும். நெட் பெட்டி நம் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள் அறை மாடியில், பின்பக்கம். நடுவில் ஒரு கான்கிரீட் தளம், இரண்டு சுவர். அதையெல்லாம் தாண்டிப் போகிற சிக்னல் அவள் விரல்களைத் துண்டு துண்டாகக் காட்டியது.

"இந்த வேலை அமையாவிட்டால் சென்னை செல்கிறேன் அப்பா. தோழி வேலை செய்யும் இடத்தில் ஆள் எடுக்கிறார்கள். விடுதி உண்டு" என்று எழுதினாள். பெட்டிக்குள் சாமானை வைத்து டேப் ஒட்டுகிற வேலை. நீ பஸ்ஸில் அலைந்து படிக்கவைத்த பெண், கணக்கில் பட்டம் வாங்கினவள், டேப் ஒட்டப் போவதா? அதோடு, உன்னிடம் மறைப்பானேன், அவளும் போய்விட்டால் நான் மட்டும் அந்த வீட்டில் என்ன செய்வேன் என்ற பயமும் இருந்தது.

மாடிக்கு வயர் இழுத்துவிட்டால் தீர்ந்தது என்று அவளே படித்துக் கண்டுபிடித்தாள். கணக்கு நோட்டில் வீட்டின் படத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து என்னிடம் கொடுத்தாள். நெட் பெட்டியிலிருந்து மாடி மேசை வரைக்கும் ஒரே வயர், நடுவில் ஜாயிண்ட் கூடாது. கரண்ட் வயர் போகிற பைப்பில் இதைப் போடக் கூடாது, மாடிப்படிச் சுவரோடு தனி பைப் போக வேண்டும். திரும்புகிற இடத்தில் வயரை மடக்காமல் அகலமாக வளைக்க வேண்டும். இரண்டு முனையிலும் கொஞ்சம் மிச்சம் விட வேண்டும். உப்புக் காற்றுக்குத் துரு ஏறும் என்பதால் முனையில் மூடி வைத்த பெட்டி. எல்லாவற்றுக்கும் அம்புக்குறி வேறு.

நான் முப்பது வருஷமாக வயர் இழுக்கிறவன். எனக்கு அம்புக்குறியா? நோட்டை மடித்து டிவி மேல் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவள் ஏதோ சான்றிதழ் வாங்கச் செங்கல்பட்டுக்குப் போயிருந்தாள். வருவதற்குள் வேலையை முடித்து அசத்திவிடலாம் என்று இறங்கினேன். டேப் வைத்து அளக்கவில்லை. வழக்கம்போல இரண்டு கையையும் விரித்து இத்தனை மாரு என்று கணக்குப் போட்டு வயர் வாங்கினேன். புது பைப் போட்டால் சுவரெல்லாம் ஓட்டை விழும் என்று, இருக்கிற கரண்ட் பைப்பிலேயே நுழைத்தேன். மாடிப்படித் திருப்பத்தில் வயர் முழங்கை நீளத்துக்குக் குறைந்தது. கரண்டுக்காரன் என்ன செய்வான்? பையில் மீந்த துண்டு கிடந்தது. எட்டு இழையையும் சுரண்டி, நிறத்துக்கு நிறம் சேர்த்து முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி ஸ்விட்ச் பெட்டிக்குள் தள்ளி மூடிவிட்டேன். நெட் பெட்டியில் பச்சை லைட் எரிந்தது. நம் தொழிலில் எரிந்தால் வேலை முடிந்தது.

சந்தேகத்துக்கு மாடியில் அவள் கம்ப்யூட்டரிலிருந்து, சதுரங்கப்பட்டினத்தில் இருந்த சாமுவைக் கூப்பிட்டேன்.

"ஹலோ, கேக்குதாடா?"

"சூப்பரா கேக்குது மாமா! பக்கத்துல குந்திகினு பேசற மாதிரி கீது!"

காது கேட்காத பெண்ணுக்குப் போட்ட வயரை, கேட்கிறதா என்று டெஸ்ட் பண்ணிய இரண்டு அறிவாளிகள் நாங்கள்.

கிருபா வந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. நாலு நிமிஷம் மலர்ந்தே இருந்தது. பிறகு படம் திக்கியது, கை உடைந்தது. தண்ணீர் மோட்டார் போட்டபோது சுத்தமாக நின்றுவிட்டது. புதன்கிழமை முழுக்க அவள் கம்ப்யூட்டரைக் கழற்றினாள், மாட்டினாள், என்னென்னவோ மாற்றிப் பார்த்தாள். சாயங்காலம் போனில் கேட்டாள்: "அப்பா, வயரின் நடுவில் எங்காவது இணைப்பு போட்டுள்ளீர்களா?"

நான் அடித்த பதில்: "இல்லமா. ஒரே வயரு."

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்காதே. அவள் நோட்டில் எழுதிக் கொடுத்ததில் முதல் வரியே அதுதான். ஊரில் எவன் வீட்டில் ஃபால்ட் என்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். என் வீட்டு ஃபால்ட்டே நான்தான் என்று எப்படி எழுதுவது? அவள் உடனே நம்பிவிட்டாள். "சரி அப்பா" என்று வந்தது. அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்துவிட்டு நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

வியாழக்கிழமை காலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு கடிதம் அனுப்பினாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எழுதியது, இன்னும் அனுப்பவில்லை. "பிழை உள்ளதா எனப் பார்த்துச் சொல்லவும்" என்று கேட்டிருந்தாள். மாதிரி வகுப்புக்கு வர இயலாது, மன்னிக்கவும் என்று ஆரம்பித்தது. கீழே இப்படி இருந்தது: "எங்கள் இல்லத்தில் வயர் அமைத்தவர் என் தந்தை. முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். அவர் பணியில் குறை இருக்க வாய்ப்பில்லை. எங்கள் பகுதியின் இணைய வசதியே போதவில்லை எனக் கருதுகிறேன்."

எஸ்தர், டீயை அப்படியே வைத்துவிட்டேன். என் பொய்யைக் காப்பாற்றுவதற்காக அவள் தன் வேலையை விட்டுக்கொடுக்கிறாள், அதுவும் தெரியாமலேயே.

நீ இருந்தால் சமையல்கட்டில் உன்னிடம் சொல்லியிருப்பேன். நீ என்னைத் திட்டிவிட்டு, அவளிடம் பக்குவமாகச் சொல்லி, அவள் கோபத்தில் பாதியை நீயே வாங்கிக்கொண்டு மீதியை என்னிடம் கொண்டுவந்திருப்பாய். இப்போது யாரிடம் சொல்வது? போனில் எழுதவும் கை வரவில்லை. மெயினை அணைத்தேன். அவள் கையைப் பிடித்து மாடிப்படித் திருப்பத்துக்குக் கூட்டிப் போனேன். ஸ்குரூ டிரைவரால் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததை வெளியே இழுத்து, டேப்பைப் பிரித்துக் காட்டினேன்.

ஜாயிண்டைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் கை இரண்டும் பொரிந்து தள்ளின. ஒன்றும் புரியவில்லை எனக்கு. "ஏன்" என்று கேட்கிறாள் என்பது மட்டும் முகத்தைப் பார்த்தே புரிந்தது. போனை எடுத்து, "வெக்கமா இருந்துச்சிமா" என்று அடித்தேன். அவள் அதைப் படித்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே பதில் அடித்தாள். "அம்மாவிடம் என்றால் சொல்லியிருப்பீர்கள்."

நானும் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டேன். அவள் சொன்னது உண்மை. டிவி மேலிருந்த அவள் கணக்கு நோட்டை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். அவள் போனில் இருந்த கடிதத்தை அழித்தாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை அளக்கிற டேப். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. சாமு டிரில்லிங் மிஷினோடு வந்து கேட்டான், "இன்னா மாமா, ஊருக்கெல்லாம் ரிப்பேர் பாத்துட்டு சொந்த வூட்ல பேஜாரு பண்ணி வெச்சிகிறே?"

"வாய மூடிகினு ஓட்டையப் போடுடா."

"நீதான் மாமா கேக்குதான்னு கேட்டே, நான் கேக்குதுன்னேன். எம்மேல இன்னா தப்பு?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். மாடிப்படிச் சுவரோடு வெள்ளை பைப் ஏறியது. வளைவெல்லாம் அவள் வரைந்தபடி அகலமாக வைத்தேன்.

அப்புறம் வயரைப் பைப்புக்குள் இழுக்க வேண்டும். நைலான் கயிற்றை முதலில் விட்டு, அதன் முனையில் வயரைக் கட்டி, அவள் மாடியிலிருந்து இழுக்க, நான் கீழிருந்து வயரை விட வேண்டும். பழக்க தோஷத்தில், "இழு! வுடு! ஆங், மெதுவா!" என்று மாடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். கயிறு அசையவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்த பிறகுதான் யாரைப் பார்த்துக் கத்துகிறேன் என்று உறைத்தது.

மேலே ஏறிப் போனேன். கயிற்றைக் காட்டி ஒரு தடவை சுண்டினேன், இழு. இரண்டு தடவை சுண்டினேன், நிறுத்து. அவள் தலையாட்டினாள். கீழே வந்து ஒரு சுண்டு சுண்டினேன். வயர் என் கையிலிருந்து நகர்ந்தது! சிக்கல் விழுந்தபோது மேலிருந்து இரண்டு சுண்டு வந்தது, நின்றேன். சரியானதும் ஒன்று வந்தது, விட்டேன். எஸ்தர், பத்து மாதத்தில் அன்றுதான் நானும் அவளும் ஒருவர் சொன்னதை ஒருவர் உடனே புரிந்துகொண்டோம். வயர் முழுக்க ஏறி முடிந்ததும் மேலிருந்து மூன்று சுண்டு வந்தது. மூன்றுக்கு நாங்கள் அர்த்தம் எதுவும் வைக்கவில்லையே! என்னவோ ஏதோ என்று மூச்சிரைக்க ஓடினேன். வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நின்றாள். போனைக் காட்டினாள்: "சும்மா."

முனை கட்டுகிற வேலை என் தடித்த விரலுக்கு வராது. முடி மாதிரி எட்டு இழை, வரிசை தப்பக் கூடாது. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம் என்று அவள் நகத்தால் நீவி நீவி அடுக்கினாள். நான் டார்ச் பிடித்தேன். டெஸ்டரில் ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் லைட் வரிசையாக எரிந்தது. எரிந்தால் முடிந்தது என்று இந்தத் தடவை நான் சொல்லவில்லை. மோட்டாரைப் போட்டேன், மிக்சியைப் போட்டேன், அவளைத் தோழியோடு ஒரு மணி நேரம் கையால் பேசச் சொல்லி நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு விரல்கூட உடையவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவள் என்னை ஹாலில் காவல் வைத்துவிட்டு மேலே போனாள். இருப்புக் கொள்ளவில்லை. பூனைபோல ஏறிப் போய்க் கதவோரம் நின்றேன். திரையில் மூன்று குழந்தைகள், அந்தப் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரம்மா ஒருவர். கிருபா ஒரு தோசையை எடுத்துக் காட்டினாள். இரண்டாகக் கிழித்தாள், நாலாகக் கிழித்தாள், ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு மிச்சம் எவ்வளவு என்று கேட்டாள். அது எனக்கே புரிந்தது, முக்கால்! மூன்று குழந்தைகளும் கையை வீசிப் பதில் சொன்னார்கள். ஒரு பொடிசு தன் வீட்டுத் தோசையையும் கொண்டுவந்து காட்டியது. நம் பெண்ணுக்கு இவ்வளவு பேச்சு வரும் என்று எனக்குத் தெரியாது எஸ்தர். உனக்குத் தெரிந்திருக்கும். ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருப்பாய். நான்தான் உம் கொட்டிவிட்டு டிவி பார்த்திருப்பேன்.

சாயங்காலமே பதில் வந்துவிட்டது. வேலை அவளுக்குத்தான். நாளை திங்கட்கிழமை முதல் வகுப்பு. சென்னை இல்லை, டேப் ஒட்டுவது இல்லை. நம் மாடி ரூம்தான் பள்ளிக்கூடம்.

இன்று கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து இரண்டு பேரும் உன் கல்லறைக்கு வந்தோம். பூ வைத்துவிட்டு அவள் நின்றாள். வலது கையை இடது தோளுக்குக் கொண்டுபோய், விரலை மடக்கி, எதையோ மேலே இழுத்துவிடுகிற மாதிரி இரண்டு தடவை செய்தாள். இதை நான் பத்து மாதமாகப் பார்க்கிறேன். சாப்பிடும்போது என்னைப் பார்த்துச் செய்வாள், உன் போட்டோவைக் காட்டிச் செய்வாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து தோள் வலிக்கிறது போல என்று தைலம் வாங்கிக் கொடுத்தேன். தீர்ந்தால் மறுபடி வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கும் அதேபோலப் போனை எடுத்து, "தோளு இன்னும் வலிக்குதாமா? தைலம் தீந்துடுச்சா?" என்று கேட்டேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். பிறகு நிதானமாக அடித்தாள். "அப்பா, அது வலி அல்ல. அது அம்மாவின் பெயர்."

செங்கல்பட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உனக்கு வைத்த பெயராம். உன் தோளில் பை நிற்காமல் சரிந்துகொண்டே இருக்குமே, நீ இழுத்து இழுத்து விட்டுக்கொள்வாயே, அதையே பெயராக்கிவிட்டார்களாம்.

எத்தனை வேளை அவள் உன் பெயரைச் சொல்லி என்னிடம் உன்னைப் பற்றிப் பேச வந்திருக்கிறாள்! ஒவ்வொரு தடவையும் நான் தைலத்தை நீட்டியிருக்கிறேன்.

அங்கேயே, உன் பக்கத்திலேயே, நானும் கையைத் தோளுக்குக் கொண்டுபோனேன். அவள் என் விரலைப் பிடித்து, இப்படி இல்லை, இன்னும் கொஞ்சம் மேலே என்று திருத்தினாள். மூன்றாவது தடவை சரியாக வந்தது. இரண்டு பேரும் மாறி மாறி உன்னைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றோம், உனக்குத் தெரிந்ததா?

நாளையிலிருந்து தினமும் அவள் வகுப்பு முடிந்ததும் எனக்கு ஒரு மணி நேரம் கைப்பேச்சு வகுப்பு. அவளே சொல்லிவிட்டாள். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் உங்கள் வீட்டுக் காலிங் பெல்லை ரிப்பேர் பண்ணி ஷாக் அடித்து விழுந்த கதை அவளுக்குத் தெரியாது, நீ வெட்கப்பட்டுச் சொல்லாமலேயே போய்விட்டாய். அதை அவளுக்கு நான் போனில் அடித்துச் சொல்லப் போவதில்லை. எத்தனை மாதம் ஆனாலும் என் இரண்டு கையாலும்தான் சொல்லுவேன் எஸ்தர், உன் பெயரில் ஆரம்பித்து.

உன்னைச் சரியாகக் கூப்பிட இன்றைக்குத்தான் கற்றுக்கொண்ட,
கிருபா அப்பா